டெல்லி கணேஷ்: ஒரு குணச்சித்திர நடிகர் உருவான விதம்

2024 நவம்பர் 9 இரவு சென்னையில் டெல்லி கணேஷ் காலமானார். அவருக்கு வயது 80. அஞ்சலிச் செய்திகளில் '400-க்கும் மேற்பட்ட படங்கள்', 'முன்னாள் விமானப்படை வீரர்', 'குணச்சித்திர நடிகர்' ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் இரண்டு குழப்பங்கள். சென்னையிலேயே வாழ்ந்து நடித்தவர் பெயரில் டெல்லி ஏன்? கதாநாயகனும் இல்லை, முழுநேர வில்லனும் இல்லை, காமெடியனும் இல்லை என்றால் ஒருவர் 47 வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார்?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அது 1960-களின் டெல்லித் தமிழ் நாடக மேடை. அரசாங்கச் சம்பளத்தின் நிழலில் நடந்த அந்த அமெச்சூர் நாடகம் என்ன, அது ஒரு நடிகருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது, அந்தக் கல்வி கேமரா முன்னால் எங்கே உதவியது, எங்கே உதைத்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அடிப்படைத் தகவல்கள்

கணேஷ் பிறந்தது 1944 ஆகஸ்ட் 1, வல்லநாடு. அன்று அது திருநெல்வேலி மாவட்டம், இன்று தூத்துக்குடி மாவட்டம். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் இருந்தபோது தக்ஷிண பாரத நாடக சபா என்ற தமிழ்க் குழுவில் நடித்தார். விமானப்படையிலிருந்து விலகிச் சென்னைக்கு வந்ததும் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் மேடையேறினார். விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கியபோது சினிமாவுக்குள் வந்தார். பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்ததும் பாலசந்தர்தான்.

ஆக, டெல்லி அவர் பிறந்த ஊர் இல்லை. நடிக்கப் பழகிய ஊர்.

குணச்சித்திர நடிகரின் வேலை என்ன?

கதாநாயகன் யார் என்பதைப் போஸ்டர் சொல்லிவிடும். அவன் எந்த வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டில் காசு புழங்குகிறதா, அப்பா பேச்சுக்கு மரியாதை உண்டா, மாசக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் வாசலில் வந்து நிற்பாரா என்பதையெல்லாம் யார் சொல்வது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிற அப்பா இரண்டே நிமிஷத்தில் சொல்லியாக வேண்டும். அந்த அப்பாவை நாம் நம்பினால்தான் பிள்ளையையும் நம்புவோம். இந்த வேலையைச் செய்கிறவர்தான் குணச்சித்திர நடிகர். அவரைக் கதாநாயகனிடமிருந்து பிரிக்கும் மூன்று விஷயங்கள்:

1. கதாநாயகனை முந்தின படத்தின் நினைவோடுதான் பார்க்க வருகிறோம். குணச்சித்திர நடிகரைப் பார்க்கும்போது முந்தின படம் நினைவுக்கு வரவே கூடாது. வந்தால் அவர் தோற்றார்.

2. கதாநாயகன் தன் வயதைவிடக் குறைவாக நடிப்பான். இவர் கூடுதலாக நடிப்பார். 1979-இல் வந்த 'பசி' படத்தில் ஷோபாவுக்கு அப்பாவாக நடித்தபோது கணேஷுக்கு வயது 35, ஷோபாவுக்கு 17. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கமல்ஹாசனுக்கு அப்பா. அவர்கள் இருவருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்.

3. காட்சியின் பாரம் இவர்மேல் இருக்கும், காட்சி இவருடையதாக இருக்காது. எதிரில் நிற்பவர் சொல்லும் வசனம் எடுபடுவதும் படாததும் கேட்டுக்கொண்டிருக்கும் இவர் முகத்தைப் பொறுத்தது.

மூன்றாவதுதான் கஷ்டம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் ஏராளம், நன்றாகக் கேட்கத் தெரிந்த நடிகர்கள் மிகக் குறைவு. கணேஷ் கேட்பார்.

டெல்லித் தமிழ் மேடை: சம்பளம் ஓரிடம், நடிப்பு ஓரிடம்

டெல்லிக்குத் தமிழர்கள் பெரும்பாலும் வந்தது மத்திய அரசு வேலைக்காக. சுருக்கெழுத்து, தட்டச்சு, தணிக்கை, கணக்கு. கோல் மார்க்கெட், கரோல்பாக், லோதி காலனி, பிறகு சரோஜினி நகர், ஆர்.கே. புரம் என்று குடியிருப்புகள் பெருகின. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளி, 1946-இல் டெல்லித் தமிழ்ச் சங்கம், கூடவே நாடகக் குழுக்கள். தமிழ்ப் படம் எப்போதாவது ஞாயிறு காலைக் காட்சியாக வந்தால் உண்டு என்றிருந்த காலத்தில், நாலு பேர் சேர்ந்து தமிழில் சிரிக்க நாடகம் ஒன்றே வழி.

இந்த மேடையில் யாரும் சம்பளத்துக்கு நடிக்கவில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி அலுவலகத்தில் வந்துவிடும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் நடிகனை இதுதான் வளர்த்தது. தொழில்முறைக் குழுவில் ஒருவன் அசட்டு மாப்பிள்ளை வேஷத்தில் பெயர் வாங்கிவிட்டால் வசூலுக்காக ஆயுசுக்கும் அதே வேஷம். அலுவலகம் போய்க்கொண்டே நடிப்பவனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. இருபத்தைந்து வயதில் அறுபது வயசுக் கிழவனாகப் போடலாம். சரியாக வராவிட்டால் அடுத்த நாடகத்தில் வேறு போடலாம்.

இது டெல்லிக்கு மட்டும் உரியதும் இல்லை. பாலசந்தரே சென்னையில் ஏஜி ஆபீஸ் (அரசுக் கணக்குத் தலைமை அலுவலகம்) ஊழியராக இருந்தபடி நாடகம் போட்டவர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். டெல்லியிலிருந்தே இன்னும் இருவரைச் சொல்லலாம். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியின் டெல்லி நிலையத்தில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். சுதந்திரம் வந்த செய்தியைத் தமிழில் வாசித்தவர். தக்ஷிண பாரத நாடக சபாவில் நெடுங்காலம் நடித்த பாரதி மணிக்கு, 2000-இல் வந்த 'பாரதி' படத்தில் பாரதியின் தகப்பனாராக நடித்த பிறகு அந்த அடைமொழி நிலைத்தது. மூவரும் திரையில் பேசும்போது கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். வசனம் முடிந்த பிறகும் பாத்திரத்தை விட்டு விலகாமல் அந்த ஆள் அங்கேயே இருப்பார்.

அந்த மேடை கற்றுக்கொடுத்தவை

ஒத்திகைக்கு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்பது 1985-இல்தான் வந்தது. அதற்கு முன் முழு ஒத்திகைக்குக் கிடைத்தது ஞாயிறு மட்டும், மற்ற நாளில் அலுவலகம் விட்டு வந்த பிறகு குவார்ட்டர்ஸின் முன்னறையில். நாற்காலியும் மேஜையும் சுவரோரம் தள்ளப்பட்டு, பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஏழெட்டுப் பேர். மேடை அளவு தரையில் சாக்பீஸ் கோடாக மட்டும் இருக்கும். இந்த நெருக்கடியிலிருந்து வந்த பாடங்கள்:

1. மைக்கோடு வாழ்வது. சட்டைக்குள் செருகும் மைக் அன்று இல்லை. மேடை விளிம்பிலும் மேலிருந்து தொங்குவதுமாக மூன்று, நாலு மைக். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மூன்றடியில் பேசிக்கொண்டிருந்தவர் ஆறடி தள்ளிப் போய் அதே குரலில் பேசினால் பத்தாவது வரிசைக்குப் பாதி சொல் கேட்காது. எல்லாரும் மைக்கடியில் வந்து குவிந்தால் காட்சி குரூப் போட்டோ ஆகிவிடும். ஆகவே நகரும்போதே குரலை ஏற்றி இறக்கவும், முகத்தை முக்கால் பாகம் சபைக்குக் காட்டிக்கொண்டே எதிராளியோடு பேசவும் பழக வேண்டும். இது உடம்பில் ஏறுவதற்கு வருஷங்கள் பிடிக்கும்.

2. சிரிப்புக்கு இடம் விடுவது. சபையில் சிரிப்பு எழும்பி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும் இடத்தில் அடுத்த வசனம் விழ வேண்டும். முழுசாக அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்யும், முந்திக்கொண்டால் அடுத்த ஜோக் சிரிப்புக்குள் மூழ்கிப்போகும்.

3. பிராம்ப்டரை நம்பாமல் இருப்பது. பக்கத் திரைக்குப் பின்னால் கையெழுத்துப் பிரதியோடு ஒருவர் நிற்பார். அவர் எடுத்துக்கொடுக்கும் குரல் மைக்கில் விழுந்துவிட்டால் சபைக்கும் கேட்கும். எதிரில் இருப்பவர் வசனம் மறந்து விழிக்கும்போது கேள்வியாகவோ அதட்டலாகவோ அந்த வரியைத் தானே சொல்லிக் காப்பாற்றுபவருக்குத்தான் குழுவில் மதிப்பு.

4. டெல்லிக் குளிர். ஜனவரி இரவில் வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே போகும். வறண்ட காற்றில் தொண்டை இறுகும். மேடையில் சென்னைக் கதை, வேட்டி, கைவைத்த பனியன். நடுக்கம் தெரியாமல் நிற்க வேண்டுமானால் மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும்.

5. பல ஊர்த் தமிழ். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தமிழ்நாட்டில் ஒருவர் தன் மாவட்டப் பேச்சையே கேட்டு வளர்கிறார். டெல்லி குவார்ட்டர்ஸில் ஒரே மாடிப்படியில் திருநெல்வேலி, கும்பகோணம், பாலக்காடு, கோயம்புத்தூர் எல்லாம் இருக்கும். காது தானாகவே பழகிவிடும். வல்லநாட்டுக்காரர் ஒருவர் பின்னாளில் பாலக்காட்டு ஐயராகப் பேசி அதைக் கேரளத்துக்காரரே நம்பும்படி செய்ததற்கு இந்த மாடிப்படிக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

கேமரா முன்னால் எது உதைக்கும்

மேடையிலிருந்து வந்தவர்கள் பலர் சினிமாவில் இரண்டு, மூன்று படத்தோடு நின்றுபோனதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. மேடையில் பலமாக இருந்தவையே இங்கே இடைஞ்சல் ஆகின்றன.

முகம்: மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்று புருவத்தையும் கையையும் பெரிசாக ஆட்டப் பழகியிருப்பார்கள். இருபதடி உயரத் திரையில் க்ளோசப் என்றால் அந்த முகமே கிட்டத்தட்ட இருபதடி. மேடைக்கு அளவாக இருந்த புருவம் அங்கே பூதாகரமாகத் தெரியும்.

சிரிப்புக்கான இடைவெளி: செட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் டேக் வீண். பழக்கதோஷத்தில் நடிகர் விடும் இரண்டு விநாடியை எடிட்டர் வெட்டுவார். வெட்டும்போது அவருடைய அடுத்த பாவத்தின் ஆரம்பமும் சேர்ந்து போகும்.

லுக்: சஜஷன் ஷாட்டில் (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் முகத்தை எடுப்பது) எதிராளி கேமராவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பார்வை இருக்க வேண்டும். ஒரு கை அகலம் தப்பினாலும் இருவரும் வேறு வேறு ஆளைப் பார்த்துப் பேசுவதுபோல் தெரியும். தனி க்ளோசப் எடுக்கும் நேரத்தில் எதிராளி கால்ஷீட் முடிந்து போயிருப்பார். உதவி இயக்குநர் ஒருவர் உணர்ச்சியே இல்லாமல் வசனம் படிக்க, அவர் தோளருகே இருக்கும் ஸ்டாண்டைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும்.

கன்டினியூட்டி: மாஸ்டர் ஷாட்டில் (காட்சி முழுவதையும் சேர்த்து எடுப்பது) எந்த வார்த்தையில் டம்ளரை வைத்தாரோ க்ளோசப்பிலும் அதே வார்த்தையில் வைக்க வேண்டும். மேடையில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாற்றி நடிப்பது உயிர்ப்பு. இங்கே அது ரீடேக்.

டப்பிங்: படப்பிடிப்பு முடிந்து மாதங்கள் கழித்து, இருட்டறையில், துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப ஓடும் படத்தை (லூப்) பார்த்து அதே உணர்ச்சியைக் குரலில் மட்டும் மறுபடி கொண்டுவர வேண்டும். சபா நடிகர்கள் ஜெயிக்கும் இடம் இதுதான். குரலில் கணேஷின் கட்டுப்பாடு அபாரம்.

பாலசந்தரிடம் தொடங்கியது அவருக்கு வாய்த்த நல்ல வேளை. பாலசந்தருக்கு மேடை பாஷை தெரியும். எதைக் குறைக்கச் சொல்ல வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதும் தெரியும்.

படங்களில் என்ன பார்க்கலாம்

400 படங்களையும் பார்க்க முடியாது, எல்லாம் பார்க்க வேண்டியவையும் இல்லை. வாடகை கட்ட, பிள்ளைகளைப் படிக்கவைக்க ஒத்துக்கொண்ட வேஷங்கள் எந்தக் குணச்சித்திர நடிகரின் பட்டியலிலும் இருக்கும். மேலே சொன்னவை துலங்கித் தெரியும் ஐந்தை மட்டும் சொல்கிறேன்.

1. 'பசி' (1979, இயக்கம் துரை). ரிக்ஷாக்காரர். சபா நாடகத்து நடுத்தர வர்க்க வீட்டுக்கும் இந்தக் குடிசைக்கும் தூரம் அதிகம். நடையும் பேச்சும் முழுசாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது இந்தப் படத்துக்கு. ஷோபாவுக்குத் தேசிய விருது.

2. 'சிந்து பைரவி' (1985, பாலசந்தர்). குடிப்பழக்கம் உள்ள மிருதங்க வித்வான். பெரிய பாடகருக்குப் பக்கத்தில் உட்காருபவர் என்ற நிலையே குணச்சித்திர நடிகரின் நிலை. முகத்தில் வித்தை இருக்கும், கூடவே குற்ற உணர்வும் இருக்கும்.

3. 'அபூர்வ சகோதரர்கள்' (1989). நாலு வில்லன்களில் ஒருவர். சாதுவான அப்பா முகம் என்று முத்திரை விழும் நேரத்தில் அதே முகத்தைக் கொண்டு பயமுறுத்த முடிந்தது.

4. 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990). சமையல்காரர் பாலக்காடு மணி ஐயர். மிருதங்க மேதையின் பெயரையே சமையல்காரருக்கு வைத்த குறும்பு கிரேஸி மோகன் வசனத்தோடு சேர்ந்தது. வசனங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும், ஆனால் ஒரு சொல்கூட மற்றதில் மூழ்காது. சிரிப்புக்கு இடம் விடப் பழகியவர், அந்த இடமே இல்லாத வேகத்துக்கு எப்படித் தன்னை மாற்றிக்கொண்டார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

5. 'பாயசம்' (2021, 'நவரசா' தொகுப்பில் வசந்த் இயக்கியது, தி. ஜானகிராமன் கதை). அப்போது அவருக்கு வயது 77. அண்ணன் மகன் வீட்டுக் கல்யாணத்தைப் பொறாமையோடு பார்க்கும் சாமநாது. கல்யாண வீடு முழுக்கச் சந்தோஷம், இவர் அதற்குள் ஒட்டாமல் நடக்கிறார். வருகிறவர்களுக்கு வாயால் ஒரு பதில், கண்ணில் வேறு கணக்கு. கடைசியில் பாயச அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்திருந்தது என்று சத்தம் போடுகிறார். அந்தக் கத்தலில் குரல் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பொய் என்பது நமக்குத் தெரிகிறது. முகத்தை அவர் பெரிதாக மாற்றவே இல்லை. மேடை கொடுத்த குரலும் கேமரா கொடுத்த அடக்கமும் ஒரே விநாடியில் சந்திக்கும் இடம் இது. இத்தனை பெரிய நடிகருக்கு முழுக் கதையையும் தோளில் ஏற்றும் வாய்ப்பு இவ்வளவு தாமதமாக வந்ததை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

தொழிலாகப் பார்த்தால்

1981-இல் 'எங்கம்மா மகாராணி'யில் அவர் கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார். அந்தப் பாதை நீளவில்லை. குணச்சித்திரப் பாதை நீண்டதற்கு நடிப்பைத் தாண்டிய காரணங்களும் உண்டு.

குணச்சித்திர நடிகருக்குச் சம்பளம் பெரும்பாலும் நாள் கணக்கில் பேசப்படும். ஒரு படத்தில் ஐந்து நாள், இன்னொன்றில் பன்னிரண்டு நாள். கதாநாயகனோடு வரும் காட்சிகள் 'காம்பினேஷன்'. அவருடைய தேதி மாறினால் இவருடையதும் மாறும், ஆனால் இவருக்காக எதுவும் மாறாது. ஒரே வாரத்தில் மூன்று படத்துக்குத் தேதி கொடுத்துவிட்டு ஒன்று தள்ளிப்போனால் மற்ற இரண்டும் இடிக்கும். இந்தச் சிக்கலில் நீடிக்க மூன்று வேண்டும்: சொன்ன நேரத்துக்கு வருவது, பேப்பர் கையில் கிடைத்த அரைமணியில் வசனம் பாடமாவது, முதல் இரண்டு டேக்கில் முடித்துக்கொடுப்பது. படப்பிடிப்பில் ஒவ்வொரு மணியும் காசு என்பதால் இப்படிப்பட்டவரைத்தான் இயக்குநர்கள் மறுபடி அழைப்பார்கள். பத்து வருஷ விமானப்படைப் பழக்கத்தையும் பத்து வருஷ ஒத்திகைப் பழக்கத்தையும் இங்கே பிரித்துப் பார்க்க முடியாது.

ஆபத்து ஒன்றும் உண்டு. ஒரு வேஷம் நன்றாக அமைந்தால் அடுத்த பத்துப் படத்துக்கும் அதே வேஷம் வரும். 'ஐயர் அப்பா' என்ற சட்டைக்குள் அவரை அடைக்கத் தமிழ் சினிமா விடாமல் முயன்றது. ஒத்துக்கொண்ட வேஷங்களுக்குள்ளேயே ஒரு அப்பாவைக் கஞ்சனாகவும், இன்னொருவரை வெகுளியாகவும், வேறொருவரை அவமானத்தை விழுங்கியவராகவும் அவர் பிரித்துக் காட்டினார். 1994-இல் கலைமாமணி விருது வந்தது. மகனுக்காக 2016-இல் 'என்னுள் ஆயிரம்' படத்தைத் தயாரித்தார். வலைத்தளக் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் கூப்பிட்டாலும் போய் நடித்தார்.

இன்றைய டெல்லிக்கு இதில் என்ன இருக்கிறது

டெல்லித் தமிழர்கள் இப்போது மயூர் விஹார், துவாரகா, நொய்டா, குருகிராம் என்று நாலு திசையில் சிதறியிருக்கிறார்கள். வேலை தனியார் கம்பெனியில், வீடு திரும்ப எட்டு, ஒன்பது மணி. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் நாடகம் போடுகிறார்கள், ஆனால் ஒரு நாடகத்துக்கு ஒரே காட்சி. நடிகனுக்கு அங்கேதான் அடி விழுகிறது. சிரிப்பு எங்கே எழும் என்பது முதல் காட்சியில் தெரிகிறது. அதற்கேற்ப வசன வேகத்தை இரண்டாவது காட்சியில் திருத்துகிறோம். மூன்றாவதில்தான் எதிராளியைக் கவனித்துக் கேட்கவே மனசுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரே காட்சியோடு நின்றால் எல்லாரும் வசனம் மறக்காமல் சொல்லி முடிப்பதோடு சரி.

வழி இல்லாமல் இல்லை. ஆர்.கே. புரத்தில் போட்ட நாடகத்தையே அடுத்தடுத்த ஞாயிறுகளில் மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் போடலாம். செட்டை மூன்று நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கதவு என்று குறைத்தால் ஒரு டெம்போவில் அடங்கும். இரண்டரை மணி நாடகத்தை எழுபது நிமிஷத்துக்குச் சுருக்கினால் ஒத்திகை நேரமும் பாதியாகும். காலர் மைக் வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் இளம் நடிகர்களுக்கு முதல் நாலு ஒத்திகையையாவது மைக்கே இல்லாமல் நடத்துவது நல்லது. கடைசி நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, கேட்காத சொல்லுக்கெல்லாம் கை தூக்கச் சொன்னால் போதும்.